முதல் ஓட்டுப் போடப் போகிறவர்களுக்கு மலையடிவாரத்திலிருந்து ஒரு மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

மதுரையிலும் மேலூரிலும் திருமங்கலத்திலும் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிற, வாக்காளர் அட்டை கைக்கு வந்தும் இன்னும் ஒரு தடவைகூட விரலில் மை வைத்துக்கொள்ளாத உங்களுக்கு இதை எழுதுகிறேன். எந்தச் சின்னம் என்பது உங்கள் பாடு, அதற்குள் நான் வரமாட்டேன். ஓட்டுச் சாவடிக்குப் போவதற்கு முன்னால் நம் மலைகளில் நாலைந்தையாவது நடந்து பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

மதத்தையும் அரசியலையும் உட்கார்ந்து பேசினால் நம் ஊரில் குரல் சீக்கிரம் உயர்ந்துவிடும். டீக்கடையிலும் அப்படித்தான், தொலைக்காட்சியிலும் அப்படித்தான். ஏற்றத்தில் நடந்துகொண்டே பேசிப் பாருங்கள். மூச்சு வாங்கும். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிற்க வேண்டியிருக்கும். அதற்குள் பக்கத்தில் வருகிறவர் தன் வாக்கியத்தைச் சொல்லிவிடுவார். எனக்கு நேர் எதிரான கட்சியில் இருக்கும் நண்பர்களோடு மனம்விட்டுப் பேச முடிந்ததெல்லாம் இப்படிப்பட்ட காலைகளில்தான். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டுவார், நான் கடலை மிட்டாயை எடுப்பேன். பேச்சு அதுபாட்டுக்கு நடக்கும்.

மதுரை இதற்கென்றே அமைந்த ஊர். வடகிழக்கே ஒத்தக்கடையில் யானைமலை. மேற்கே கீழக்குயில்குடியில் சமணமலை. தென்மேற்கே திருப்பரங்குன்றம். வடக்கே அழகர்மலை. மேலூர்ப் பக்கம் போனால் மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, திருவாதவூர் என்று ஊருக்கொரு குன்று. விடிந்ததும் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடலாம்.

மாங்குளத்திலிருந்து தொடங்குங்கள். மீனாட்சிபுரத்து மலையில் இருக்கும் குகைத்தளக் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டார். தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளில் இவையும் சேர்த்தி. ஏறக்குறைய 2,200 ஆண்டு என்பது கல்வெட்டு அறிஞர்கள் சொல்லும் கணக்கு. அதில் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. அவனுடைய அதிகாரியாக இருந்த கடலன் வழுதியின் பெயர் இருக்கிறது. வெள்ளறை நிகமம் என்ற வணிகர் சங்கத்தின் பெயர் இருக்கிறது. இவர்கள் துறவிகள் தங்குவதற்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் படுக்கைகளைக் குனிந்து பார்க்க வேண்டும். ஓர் ஆள் நீளத்துக்குப் பாறையைச் சமப்படுத்தி, தலைமாட்டில் மட்டும் கல்லைச் சற்று உயர்த்தி விட்டிருப்பார்கள். தலையணை அதுதான். உள்ளங்கையால் தடவினால் உளி இறங்கிய இடங்கள் மழமழவென்று கைக்குத் தெரியும். நிமிர்ந்து குகையின் நெற்றியைப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விளிம்பு வெட்டியிருக்கும். பாறையில் வழிந்து வரும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். ஐப்பசி மழையில் ஒருநாள் அங்கே ஒதுங்கி நின்றேன். எனக்கு முன்னால் தண்ணீர் திரையாக விழுந்துகொண்டிருந்தது. கல் படுக்கை நனையவே இல்லை. யாரோ ஒரு கல்தச்சர், பெயர் தெரியாதவர், செய்த வேலை இன்னும் பழுதில்லாமல் நடக்கிறது.

இங்கே நிற்கும்போதெல்லாம் என் மனம் அரசியலுக்குப் போய்விடும். கொடுத்தவர் இன்னார் என்று எல்லோரும் படிக்கிற இடத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். நம் காலத்தில் கட்சிகளுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மக்களுக்குத் தெரியாதபடி தேர்தல் பத்திரம் என்று ஒரு திட்டமே இருந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தீர்ப்பளித்த பிறகுதான் பெயர்கள் வெளியே வந்தன. ஓட்டுப் போடுகிறவருக்குக் கொடுத்தவர் பெயர் தெரிந்தாக வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

மாங்குளத்துக்குப் பக்கத்திலேயே அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், அவற்றிலிருந்து இறங்கும் தண்ணீரை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்ளும் கண்மாய்கள், நெல் வயல்கள். தலைக்கு மேலே வல்லூறுகள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193 ஹெக்டேரைத் தமிழ்நாடு அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் முதன்முதலாக அப்படி அறிவிக்கப்பட்ட இடம் இதுதான். 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. எறும்புதின்னியும் தேவாங்கும் மலைப்பாம்பும் உண்டு.

ஒரு பக்கம் முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில். வாசலில் இலகுலீசர் சிலை இருக்கிறது. தமிழ்நாட்டில் அரிதாகப் பார்க்கக் கிடைப்பது. இன்னொரு பக்கம் இயற்கையான குகை, தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு, கல் படுக்கை. அதே குகையருகே பாறையில் மகாவீரர் அமர்ந்திருக்கிறார். அச்சணந்தி என்ற சமண முனிவர் செய்வித்தது என்று கீழே வட்டெழுத்தில் இருக்கிறது. ஊராரின் காவலில் அந்தச் சிலையை ஒப்படைத்திருப்பதையும் அந்த எழுத்து சொல்கிறது. சமணம் இந்த ஊரை விட்டுப் போய்விட்டது. ஊரார் இருக்கிறார்கள். சிலையும் அப்படியே இருக்கிறது. சிவனைக் கும்பிடுகிறவர்கள்தான் பல தலைமுறையாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் காவலுக்குச் சோதனை 2024இல் வந்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் என்று பெயரிட்டு ஏலம் விட்ட நிலப்பரப்பு 2,015 ஹெக்டேர். பாரம்பரியத் தலத்தின் பகுதியும் அதற்குள் வந்தது. நவம்பரில் ஏல முடிவு தெரிந்ததும் ஊர் ஊராகக் கூடினார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்திலும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரை தல்லாகுளம் வரைக்கும் நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்த நடையைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டும். அதில் வந்தவர்கள் எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போடுகிறவர்கள். எல்லாச் சாதிக்காரர்களும் இருந்தார்கள். வயலில் வேலை கிடக்க, பொங்கலுக்கு ஒரு வாரமே இருக்க, பெண்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. தங்கள் கண்மாயும் குன்றும் கோயிலும் இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்றார்கள், அவ்வளவுதான். அரசியல் என்பது மேலே எங்கோ டெல்லியிலும் சென்னையிலும் நடக்கிற காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தால் இந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். அவர்கள் தாங்கள் நடந்து பழகிய நிலத்துக்காக நடந்தார்கள். எந்தப் பாறையில் சுனை, எந்தச் சரிவில் ஆடு மேயும், எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவர்களுக்குக் காலில் இருந்த அறிவு. சுரங்கத்துக்கு அறிக்கை எழுதியவர்களிடம் வரைபடம் மட்டும் இருந்தது.

அதற்காக இந்த ஊர்களைப் பொன்னுலகம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். கீழவளவுக்குப் போங்கள். அங்கேயும் தமிழிக் கல்வெட்டு உண்டு, எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பஞ்சபாண்டவர் மலைக்கு மேலே ஏறிச் சுற்றிலும் பார்த்தால் கிரானைட் வெட்டி எடுத்த பள்ளங்கள் தெரியும். மலை இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். 16,000 கோடி ரூபாய்க்கு மேல் அரசுக்கு இழப்பு என்று 2012இல் வெளியே வந்த மாவட்ட ஆட்சியர் சகாயத்தின் அறிக்கை சொன்னது. இரண்டு ஆண்டு கழித்து உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது. ஒரு குன்றை ஒரே தலைமுறையில் இல்லாமல் ஆக்கிவிட முடியும் என்பதை அங்கே நின்றால் வாதமில்லாமல் ஒப்புக்கொள்வீர்கள்.

அங்கிருந்து மேலவளவு பக்கம்தான். 1997 ஜூன் 30 அன்று, தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொன்றார்கள். தேர்தலில் நின்றார், ஜெயித்தார், பதவியில் உட்கார்ந்தார் என்பதற்காக. இதே மேலூர் வட்டாரத்துத் தும்பைப்பட்டிக்காரர்தான் கக்கன். அதுவரை தாழ்த்தப்பட்டோர் நுழைய முடியாதிருந்த மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத அய்யரோடு நுழைந்தவர்களில் அவரும் ஒருவர். வாசலிலிருந்து சன்னதி வரை உள்ள தூரம் எவ்வளவு இருக்கும்? அதை நடக்க எத்தனை நூற்றாண்டு ஆனது? நீங்கள் மலை பார்க்கப் போகும் ஒவ்வோர் ஊரிலும் எந்தத் தெரு வழியாக யார் நடக்கலாம் என்று ஒரு காலத்தில் கணக்கு இருந்தது. சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அழகான காட்சியை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மேலவளவில் நினைவிடம் இருக்கிறது. அங்கேயும் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

மதத்துக்கு வருகிறேன். சமணமலை அடிவாரத்தில் ஆலமரங்கள், தாமரைக் குளம், அய்யனார் கோயில். தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு என்று ஒரு குகை. அங்கே பாறையில் இருப்பது தீர்த்தங்கரர். நீண்ட காதுகளோடு சாவகாசமாக உட்கார்ந்திருப்பதால் ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார். உள்ளே விதானத்தில், சிங்கத்தின் மேல் உட்கார்ந்து யானைமேல் வருகிறவனை எதிர்க்கும் ஒரு பெண் தெய்வம் இருக்கிறாள். அவளைப் பார்க்காமல் இறங்கிவிடாதீர்கள்.

மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே வரிசையாகச் சிற்பங்கள்: பாம்புப் படத்தின் கீழ் நிற்கும் பார்சுவநாதர், கொடி படர்ந்த காலோடு பாகுபலி, அவருக்கு இரண்டு பக்கமும் சகோதரிகள். ஒவ்வொன்றின் கீழும் செய்வித்தவர் பெயர். அதில் ஒரு பெயரில்தான் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன். அச்சணந்தியின் தாயார் குணமதி. அரிட்டாபட்டியில் சிலை செய்வித்த அதே அச்சணந்திதான். மகன் துறவியாகி ஊர் ஊராகப் போய்ப் பாறைகளில் தெய்வங்களை எழுப்பிக்கொண்டிருக்கிறான். தாய் தன் பங்குக்கு இங்கே ஒன்று செய்வித்திருக்கிறாள்.

குணமதி என்ற இந்தப் பெயரில் ஒரு வரலாறும் இருக்கிறது. சம்பந்தர் மதுரைக்கு வந்ததும் சமணர்கள் வாதில் தோற்றுக் கழுவேறியதும் பெரியபுராணத்தில் வருகிறது. எண்ணாயிரம் என்ற எண்ணிக்கை இன்றைக்கும் மக்கள் வாயில் இருக்கிறது. ஒரு தரப்பார் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், இன்னொரு தரப்பார் அதையே குற்றச்சாட்டாகச் சொல்கிறார்கள். இரண்டு தரப்பையும் பேச்சிப்பள்ளத்துக்குக் கூட்டிவர ஆசை. சம்பந்தர் காலம் 7ஆம் நூற்றாண்டு. பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு. இடையில் 9, 10ஆம் நூற்றாண்டுகளில், மதுரையின் கண்ணுக்கு எதிரே, குணமதி தன் பெயரை வெட்டிச் சிலை செய்விக்கிறாள். இதே மலையில் மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியைப் பாண்டிய மன்னனே தன் அரசியின் பெயரால் கட்டியிருக்கிறான். அதன் அடித்தளம் மேலே கிடக்கிறது. கொடுமை எதுவுமே நடக்கவில்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரே நாளில் ஒரு மதம் அழிக்கப்பட்டது என்றும் சொல்ல முடியாது. மதப் பகை வந்தது, போனது, மறுபடியும் வந்தது. நடுவே ஜனங்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள். வெ. வேதாசலம் போன்ற கல்வெட்டு அறிஞர்கள் இந்த மலைகளை வாழ்நாள் முழுதும் ஏறி இறங்கி எழுதிய நூல்கள் இருக்கின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு நடங்கள். பசுமை நடை நண்பர்கள் மக்களை இப்படி அழைத்துப் போவதைப் பல ஆண்டாகச் செய்துவருகிறார்கள்.

திருப்பரங்குன்றத்தை விட்டுவிட்டு இந்த மடலை முடித்தால் அது நேர்மையாகாது. முருகன் கோயிலும் தர்காவும் இருக்கும் அந்த மலையின் பெயரால் 2025 பிப்ரவரியில் மதுரையில் பெருங்கூட்டம் கூடியது. அந்த ஆண்டு கார்த்திகையில் தீபம் எங்கே ஏற்றுவது என்பது நீதிமன்றத்தில் பெரிய வழக்காகிவிட்டது. உங்கள் கைபேசிக்கு இரண்டு தரப்பின் காணொளிகளும் வந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரு பொழுதுக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, கிரிவலப் பாதையில் ஒருமுறை சுற்றி வாருங்கள்.

வடக்கே முருகன் கோயில். கருவறை, 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் குடைந்த குடைவரை. தெற்கே திரும்பினால் உமையாண்டார் கோயில். அது முதலில் சமணக் குடைவரையாக இருந்து, 13ஆம் நூற்றாண்டில் சைவக் கோயிலாக மாறியது. மேற்குச் சரிவில் சமணர் படுக்கைகள், பழைய எழுத்துகளோடு. மேலே ஒரு பக்கம் காசி விசுவநாதர் சன்னதியும் சுனையும். உச்சியில் சிக்கந்தர் தர்கா. எதில் யாருக்கு என்ன உரிமை என்ற வழக்கு நூறு ஆண்டுக்கு முன்னாலேயே வந்து, 1923இல் மதுரையில் ஒரு தீர்ப்பும் 1931இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் இறுதித் தீர்ப்பும் ஆகியிருக்கின்றன. வழக்கு இருந்த காலத்திலும் ஜனங்கள் முருகனுக்கு மொட்டை போட்டார்கள், தர்காவுக்குச் சர்க்கரை கொண்டு போனார்கள்.

தீபம் ஏற்ற ஆசைப்படுகிறவரின் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. தர்காவில் துவா கேட்கிறவரின் நம்பிக்கையையும் அப்படித்தான். என் பயம் வேறு. மலையைப் பார்த்தே இராதவர்களுக்கு மலை ஒரு கொடிக்கம்பமாக மட்டும் தெரிகிறது. சுற்றி நடந்தவருக்கு அப்படித் தெரியாது. காலை ஐந்து மணிக்கு அந்தப் பாதையில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் அம்மாவையும் தொழுகை முடிந்து டீ குடிக்க வருகிற பெரியவரையும் கடந்துதான் நீங்கள் நடப்பீர்கள். கூட்டம் கலைந்த பிறகும் அங்கேயே குடியிருக்க வேண்டியவர்கள் அவர்கள். உரிமை எது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். அந்த ஊரில் அமைதி வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டும், அதை நாம் கேட்க வேண்டும். இதில் நடுவில் நிற்பதாகக் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் அந்தத் தெருவில் குடியிருக்கிறவர்களின் பக்கம்.

நம் பெரிய திருவிழாவே ஒரு நடைதான் என்பதை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சித்திரையில் அழகர் மலையை விட்டுக் கள்ளர் வேடத்தில் இறங்குகிறார். வழிநெடுக மண்டகப்படி. ஒவ்வொரு சாதியும் ஒவ்வொரு ஊரும் அவரைத் தங்கள் இடத்தில் நிறுத்திப் பார்க்கின்றன. வைகையில் இறங்கி, வண்டியூர் போகிறார். அங்கே துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்று ஜனங்கள் சொல்கிறார்கள். தேனூரில் நடந்துகொண்டிருந்த இந்த விழாவை 17ஆம் நூற்றாண்டில் மதுரைக்குக் கொண்டுவந்து மீனாட்சி கல்யாணத்தோடு சேர்த்தது திருமலை நாயக்கர் என்பார்கள். அது ஓர் அரசனின் அரசியல் கணக்கு. சைவரும் வைணவரும் ஒரே ஆற்று மணலில் நிற்கும்படி செய்த நல்ல கணக்கு. தொ. பரமசிவன் தன் ஆய்வுக்கு அழகர் கோயிலை எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு வரும் ஒவ்வொரு மக்கள் கூட்டத்தோடும் பேசி எழுதினார். ‘அழகர் கோயில்’ என்ற அந்த நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்டது. ஓட்டுப் போடுமுன் ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் அதைப் படியுங்கள். மதத்தைத் திட்டாமலும் தலையில் தூக்கி வைக்காமலும் எப்படிப் பார்ப்பது என்பது அதில் இருக்கிறது.

சில காரியங்கள் சொல்லிவிடுகிறேன். மலைக்கு வரும்போது சாக்பீஸ், பெயிண்ட், ஆணி எதுவும் கையில் வேண்டாம். 2,000 ஆண்டு எழுத்தின் மேல் காதலர் பெயரைக் கீறி வைத்திருப்பதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். அய்யனார் எல்லையில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள், உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும். சுனையில் கால் கழுவாதீர்கள், ஆடு மாடு குடிக்கிற தண்ணீர். டீயை அந்த ஊர்க் கடையில் குடியுங்கள். ஆடு மேய்க்கிற பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பேசுகிறவரை எழுந்திருக்காதீர்கள்.

அப்புறம், ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரிடம், எந்தக் கட்சியானாலும், இந்த மூன்றைக் கேளுங்கள். நம் தொகுதியில் எந்தெந்தக் குன்றுக்குக் குவாரி உரிமம் கொடுத்திருக்கிறது, எதற்கெல்லாம் விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது? அந்த ஊர்க் கிராம சபை என்ன தீர்மானம் போட்டது? நீங்கள் கடைசியாக அந்தக் குன்றில் எப்போது ஏறினீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்றால் கையோடு கூட்டி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மேலூர்ப் பேருந்து நிலையத்தில் இருப்பேன். அரிட்டாபட்டிக்குப் போவோம்.

அன்புடன்,
உங்களோடு நடக்கக் காத்திருக்கும் அண்ணன்